தொட்டியில் ஒட்டிய நிழல்

மார்ச் பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, உலோகப் பூச்சுப் பட்டறையின் இரண்டாவது கொட்டகையில், முதலாளியின் நிழல் ஒரு தண்ணீர்த் தொட்டியில் ஒட்டிக்கொண்டது. வெயில் வழக்கமான அளவில்தான் இருந்தது.

அதுவரை அந்தப் பட்டறையில் எதுவுமே ஒழுங்காக ஒட்டியதில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். துப்பாக்கி போன்ற கருவிக்குள் இரண்டு துத்தநாகக் கம்பிகள் வந்து முட்டி, மின்பொறியில் உருகும். பின்னாலிருந்து வரும் அழுத்தக் காற்று அதைத் தூறலாக்கி இரும்பின்மேல் அடிக்கும். மின்னழுத்தம், கம்பியின் வேகம், காற்று, தூரம் நான்கும் ஒத்துப்போனால் பூச்சு இரும்பைக் கவ்விக்கொள்ளும். கருவியைப் பிடிப்பவர் முதலாளியின் மைத்துனர். அவர் நான்கையும் சரியாக வைப்பார். முதலாளி வந்து மாற்றுவார். கம்ப்ரஸர் கரண்டைத் தின்கிறது என்று காற்றைக் குறைப்பார். துளிகள் பருத்து, பூச்சு காய்ந்த கஞ்சிபோல ஓட்டை ஓட்டையாக நிற்கும். சீக்கிரம் முடியட்டும் என்று கம்பியை வேகமாக விடுவார்; கருவி கட்டி கட்டியாகத் துப்பும். புகை கண்ணைக் கரிக்கிறது என்று மைத்துனரைப் பின்னால் இழுப்பார். துளிகள் பாதி வழியிலேயே ஆறிப் பொடியாக உதிரும். அங்கிருந்து போன கேட்டுகள் முதல் மழைக்கே தோலுரிந்து திரும்பி வந்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதலாளியின் ஒரு கையில் போன் இருந்தது. கூரை ஒழுகுவதைப் பற்றி மனைவி பேசிக்கொண்டிருந்தார். மறு கையில் டீ கிளாஸ். திருகுகளைத் தொடக் கை இல்லாமல், ஜன்னல் வெயில் முதுகில் பட நின்றார். மைத்துனர் பூச்சடித்துக்கொண்டிருந்த தொட்டியின்மேல் அவருடைய நிழல் விழுந்தது. பூச்சு பிரமாதமாகப் பிடித்தது. பேசி முடித்து அவர் நகர்ந்தார். காதில் போனும் கையில் கிளாஸுமாக நிழல் அங்கேயே நின்றது.

"என்ன மாப்ளே இது?"

"ஒட்டிருச்சு மாமா."

"ஒட்டிருச்சா? நம்ம பட்டறைலயா?"

சுரண்டிப் பார்த்தார்கள், உளி மழுங்கியது. மணல் அடித்தால் வந்துவிடும் என்று மைத்துனர் சொன்னார். "ஆனா தூளாத்தான் வரும். கூடைல அள்ளிட்டுப் போறீங்களா?" முதலாளி வேண்டாம் என்றார். பிறந்ததிலிருந்து கூடவே வந்தது, முழுசாக வேண்டும்.

மாலையில் மனைவி வாசல் விளக்கடியில் அவரை மேலும் கீழும் பார்த்தார். "போன மாசம் குடைய விட்டுட்டு வந்தீங்க. இப்ப இதுவுமா? எங்க வெச்சீங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

வியாழக்கிழமை தொட்டியை வாங்கும் கம்பெனியின் பரிசோதகர் வந்தார். பூச்சு தேறினால் தொட்டி நிழலோடு போய்விடும். தேறாவிட்டால் பட்டறையிலேயே கிடக்கும், மெதுவாக வழி பார்க்கலாம். முதலாளி வாசலிலேயே அவரை மடக்கினார்.

"சார், ரொம்ப மட்டமான வேலை. கண்ண மூடிக்கிட்டு வேணாம்னு எழுதிருங்க."

உரிந்து தொங்கும் பூச்சைத் தங்கம் என்று சொன்னவர்களையே வாழ்நாளெல்லாம் பார்த்திருந்த பரிசோதகருக்கு இதில் ஏதோ சூது இருப்பதாகப் பட்டது. நிழலின் நெஞ்சில், தொந்தியில், டீ கிளாஸில் என்று இரும்புக் குமிழ்களைப் பசை போட்டு ஒட்டி, கருவியால் இழுத்தார். எல்லா இடத்திலும் பசைதான் பிய்ந்தது, பூச்சு அசையவில்லை.

"அருமையான வேலை. ஏன் இப்படி மறைக்கறீங்க?" என்றவர் நிழலைக் காட்டிக் கேட்டார்: "இந்தப் படம்?"

"அது நான் சார்."

"கம்பெனி முத்திரையா? பரவால்ல, இருக்கட்டும்."

லாரி வந்தது. நிழல் போனில் பேசியபடியே ஏறிப் போனது. முதலாளி கேட் வரை பின்னாலேயே போனார். தரையில் கேட்டின் நிழல் மட்டும் விழுந்தது.

தொட்டி இன்றுவரை துருப்பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறார். அதே தரத்தில் இன்னும் மூன்று தொட்டிகள் வேண்டும், படம் தேவையில்லை என்று கம்பெனி கேட்டது. கருவி ஓடும் நேரத்தில் வேலையாட்கள் இப்போது கொட்டகைக்குள் நிற்பதில்லை, முற்றத்துக்குப் போய்விடுகிறார்கள். மைத்துனருக்குப் பயமில்லை, மின்பொறி எதிரே எரிவதால் அவருடைய நிழல் முதுகுக்குப் பின்னால் விழுகிறது. முதலாளி பக்கத்திலேயே நிற்கிறார். வெளிச்சத்தை அவர் மறைப்பதில்லை. வேலை தொடங்குமுன் மைத்துனர் அவருடைய இரண்டு கைகளிலும் கைக்கொரு டீ கிளாஸைக் கொடுத்துவிடுகிறார்.