வெயிலில் ஓட்டிப் பார்க்கணும்

சனிக்கிழமை மத்தியானமே திரை சரியாகிவிட்டது. வயரு அதை யாரிடமும் சொல்லவில்லை.

பட்டறையில் அவனுக்கு அதுதான் பெயர். வண்டிக்குள் கரண்ட் ஓடுகிற எதுவாக இருந்தாலும் அவன் கைக்குத்தான் வரும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் உறவினர் என்கிற இடத்தில் மட்டும் இருந்தது.

வண்டி ஒரு ரிட்டையர்டு பேங்க் மேனேஜருடையது. பழைய பெரிய கார். பட்டனை அமுக்கினால் பின்கண்ணாடிக்குக் கீழிருந்து கறுப்பு வலைத் திரை ஒன்று எழும்பி வெயிலை மறைக்கும். அது பாதி ஏறி, ஒரு பக்கம் தோள் சாய்ந்து, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று நின்றுவிட்டது. அடுத்த சனிக்கிழமை மகள் கைக்குழந்தையோடு வருகிறாளாம். பிள்ளை முகத்தில் வெயில் படக்கூடாது என்று மேனேஜர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வயரு பின்சீட்டைக் கழற்றினான். பெல்ட் போல்ட்டுகளைப் பிரித்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையை உருவி வெளியே எடுத்தான். மோட்டார் நன்றாகத்தான் சுற்றியது. அதன் வாயில் இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் நாலு பல் மொட்டை. திரை எங்கோ சிக்கியபோது யாரோ பொறுமையில்லாமல் கையால் இழுத்திருக்கிறார்கள். காயலாங்கடையில் அதே மாடல் ஒன்று முகம் நசுங்கிக் கிடந்தது. அதன் சக்கரத்தைப் பிடுங்கி வந்து மாட்டினான். திரை ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. பக்கக் கண்ணாடிகளுக்குக் கையால் இழுத்துக் கொக்கியில் மாட்டும் திரைகள் ஏற்கெனவே இருந்தன. எல்லாவற்றையும் மூடிப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தான். வெளியே வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே மழைக்காலச் சாயங்காலம் போல இருந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு அந்த எண்ணம் வந்தது.

அவன் மனைவிக்குத் தலைக்குள் கட்டி. இருபத்தைந்து நாள் ரேடியேஷன் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். இருபது முடிந்திருந்தது. வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் ஆணி இறங்குகிறது என்பாள். ஆஸ்பத்திரி மேற்கே. காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் வெயில் போகிற வழியெல்லாம் பிடரியிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆட்டோவில் ஈரத்துண்டைத் தலையில் போர்த்திக் கூட்டிப்போனான். வெள்ளிக்கிழமை மூன்று தடவை அவன் மடியிலேயே வாந்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "இனிமே நான் வரல. செத்தா இந்த இருட்டுலயே சாகுறேன்" என்றாள். பிடிவாதக்காரி. சொன்னால் சொன்னதுதான்.

இன்னும் ஐந்து நாள். அந்த ஐந்து நாளை எப்படியாவது தாண்டிவிட்டால் போதும் என்று அவன் நினைத்தான். டாக்டர்கூட அப்படிச் சொல்லவில்லை. இவனாக நினைத்துக்கொண்டதுதான்.

வாடிக்கையாளர் வண்டியை எடுத்து ஊர் சுற்றினால் சீட்டைக் கிழித்துவிடுவார் பட்டறை முதலாளி. ஆனால் வேலை முடிந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடுவதும் இல்லை. வயரு அந்தச் சந்துக்குள் நுழைந்தான்.

"அண்ணே, திரை ஏறுது, எறங்குது. ஆனா மோட்டார் சூடானா நின்னுடுது. காலை வெயில்ல கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்தாத்தான் புடிக்க முடியும்."

முதலாளிக்கு இஞ்சின் தெரியும், கியர்பாக்ஸ் தெரியும். வயர் என்றால் வாயை மூடிக்கொள்வார். "என்னமோ பண்ணு. சனிக்கிழமைக்குள்ள அந்த ஆளு என் கழுத்துல உக்காராமப் பாத்துக்க" என்றார்.

திங்கட்கிழமை காலையில் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின்சீட்டில் படுக்கவைத்தான். பட்டனை அமுக்கினான். திரை மேலே ஏற ஏற, சுருக்கியிருந்த அவள் முகம் மெல்ல விரிந்தது.

"யாரு காருய்யா இது?"

"நம்மகிட்ட வேலைக்கு வந்தது. எடுத்துக்கன்னு சொல்லிட்டாரு."

"அவ்ளோ நல்லவரா?"

"பேங்க் மேனேஜரு. மகளும் பச்சப் புள்ளையும் வராங்களாம். அதுக்காகத் திரைய மாட்டச் சொன்னாரு."

"நீ காருக்குக் கரண்ட் வைக்கிற, அவங்க எனக்கு வைக்கிறாங்க. உன் வேலையாவது ஒழுங்கா ஓடுதே" என்று சிரித்தாள். அவள் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு வாந்தி இல்லை. செவ்வாய்க்கிழமை அவளே புறப்பட்டு வாசலில் நின்றாள்.

ஒவ்வொரு மதியமும் வண்டியைப் பட்டறையில் நிறுத்தியதும் அவள் தலைமுடி சீட்டெல்லாம் ஒட்டியிருக்கும். கொத்துக் கொத்தாக உதிர்ந்துகொண்டிருந்த நேரம். இன்சுலேஷன் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே தெரிய விரலில் சுற்றிக்கொண்டு, ஒற்றி ஒற்றி எடுப்பான். புதன்கிழமை குனிந்து அதைச் செய்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் டிங்கர் வந்து நின்றான். தகரம் தட்டித் தட்டிக் காது போனவன். பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"என்னா மாப்ள, மூணு நாளா வெயில்ல ஓட்டுற, மோட்டாருக்கு இன்னும் காய்ச்சல் வரலியா?"

"கத்தாதய்யா."

டிங்கர் சீட்டைப் பார்த்தான். டேப்பைப் பார்த்தான். கறுப்பு டேப்பின் மேல் நீளமான முடிகள், சில நரைத்தவை. அவன் முகம் மாறிவிட்டது. வாழ்நாளில் முதல் முறையாகக் குரலைத் தணித்து, "தங்கச்சி எப்படி இருக்கு?" என்றான்.

"ரெண்டு நாள்தான் பாக்கி."

"திரைய எறக்கித் தூசி தட்டுற மாதிரி நில்லு. மொதலாளி வர்றாரு" என்று சொல்லிவிட்டு, தேவையே இல்லாமல் ஒரு கதவை எடுத்து ஓங்கி ஓங்கித் தட்ட ஆரம்பித்தான்.

வியாழக்கிழமை அவளை மெஷின் அறைக்குள் கொண்டுபோகவில்லை. முந்தின நாள் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு டாக்டர் வயருவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசு டாக்டரம்மா. மேசையில் இருந்த பேனாவை நேராக்கி நேராக்கி வைத்தார். கட்டி கேட்கவில்லை. இன்னும் பெரிதாகத்தான் ஆகியிருக்கிறது. இதற்கு மேல் கரண்ட் வைத்தால் உடம்பு தாங்காது. வலிக்கு மாத்திரை எழுதித் தருகிறேன், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னும் ரெண்டே நாள்தானேம்மா. அதையும் வச்சு முடிச்சிடலாமே" என்றான் அவன். போல்ட் இரண்டு பாக்கி இருக்கும்போது வேலையை விட்டுவிட்டுப் போகச் சொன்னால் கேட்பது மாதிரி. டாக்டரம்மா மாத்திரைச் சீட்டை எழுதி அவன் பக்கம் நகர்த்தினார்.

திரும்புகிற வழியில் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பின்சீட்டின் இருட்டிலிருந்து அவள் கேட்டாள்.

"இன்னைக்கு ஏன் வைக்கல?"

"மெஷின் ரிப்பேரு."

"என்னவாம்?"

அவன் வாயில் வந்தது அதுதான். "சூடானா நின்னுடுதாம்."

பின்சீட்டில் அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கு முன்னாடி ஒருத்தி உள்ள போயிட்டு வந்தாய்யா. எனக்குப் பின்னாடியும் ஒருத்தி போனா" என்றாள்.

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்த கை அதிலேயே இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள்தான் கையை நீட்டி அவன் தோளைத் தொட்டாள்.

"காரு அவரு குடுக்கலதானே?"

"இல்ல."

"தெரியும். தெனமும் மொதலாளி பாத்துடக்கூடாதுன்னு நீ புலம்பிக்கிட்டே ஓட்டுனா தெரியாதா. கொண்டுபோய்க் குடுத்துடு. அந்தப் புள்ள வரப்போகுதுல்ல."

வீட்டில் அவளைப் படுக்கவைத்து, ஜன்னலுக்குப் போர்வையை இழுத்து ஆணியில் மாட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனான். மேனேஜருக்கு அவனே போன் செய்தான். மூன்று மணிக்கெல்லாம் அவர் வந்துவிட்டார், இரண்டு நாள் முன்னதாகவே கிடைத்த சந்தோஷத்தில். பட்டனை அமுக்கினார். ஏறியது. அமுக்கினார். இறங்கியது. ஏழெட்டு முறை.

"பிரமாதம்பா! என்ன கோளாறு?"

"பல்சக்கரம் சார். சனிக்கிழமையே மாத்திட்டேன்."

"அப்புறம் ஏன் இத்தன நாளு?"

டிங்கர் தூரத்திலிருந்து தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றான். வயருவுக்கு இனி எதையும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தான். முதலாளி வாயில் வந்த கெட்ட வார்த்தையைப் பாதியில் விழுங்கினார்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனேப்பா" என்றார். கொடுத்திருக்கவும் கூடும். பிறகு பின்சீட்டைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் ஓரடி தள்ளி நின்றார். கேட்கக்கூடாது என்று தெரிந்தே, கேட்காமல் இருக்க முடியாமல், மெதுவாகக் கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காத. இது... ஒட்டாதில்ல? பச்சக் கொழந்த, அதான்."

"ஒட்டாது சார்."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

"தொடச்சுத் தரேன் சார்."

வயரு வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்புப் போட்டு, புதுத் துணி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தான். முட்டி போட்டுப் பின்சீட்டுக்குள் ஏறினான். அவள் தலை வைத்த இடம், கை வைத்த இடம், செருப்பில்லாத கால் உரசிய கதவு, ஒவ்வொன்றாகத் துடைத்தான். மேனேஜர் போதும்பா, போதும்பா என்றார். அவன் துணியைப் பிழிந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.