காளியாயி காட்டிய இடம்

சும்மா கொடுக்கிறார்கள் என்று கேட்டதுமே காளியாயிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒழுகுகிற லயத்து வரிசை வீடுகளுக்கு ஒரு தகரம் மாற்றித் தர வருஷக்கணக்காக இழுத்தடிக்கிற தேயிலைத் தோட்டத்து ஆபிஸ், எண்பத்தாறாம் ஆண்டில் திடீரென்று வெயிலால் எரிகிற விளக்கைக் கொண்டுவந்து நீட்டினால் யார்தான் நம்புவார்கள்?

கிளாக்கர் சிவசாமி லயத்து வாசலில் நின்று விளக்கினார். கொழும்பிலிருந்து வந்த மானியத் திட்டமாம். ஒவ்வொரு லயத்திலும் ஒரு வீட்டுக்கு, அதாவது ஒரு காம்பராவுக்கு; முதலில் சம்மதிக்கிறவர்களுக்கு இலவசம். கூரையில் ஒரு கண்ணாடித் தட்டைப் பூட்டினால் போதும், பொழுது சாய்ந்ததும் விளக்கு எரியுமாம்.

"கூரையில தோட்டத்துச் சாமான ஆணியடிச்சிட்டு, இது எங்க எடம், காம்பராவ காலி பண்ணுன்னு நாளைக்கு சொல்லுவீங்க. அதானேங்கய்யா?"

புருஷன் மாயாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "மாரியாத்தாவே நேர்ல வந்து நின்னாலும், யாரு அனுப்புனான்னு கேப்பா இவ."

காளியாயி அசையவில்லை. ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திரும்பிப் போகப் பேர் கொடுத்த அண்ணன் குடும்பத்தைக் கப்பல் வருமுன்னே ஆபிஸ்காரர்கள் காம்பராவிலிருந்து கிளப்பியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். ஆனாலும் விளக்கு ஆசை விடவில்லை.

"கூரையில கை வைக்காதீங்க. பின்னுக்கு எங்க பாத்தி இருக்கு, அங்கன கம்பு நட்டுப் பூட்டுங்க."

சிவசாமி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"நல்லா யோசிச்சிட்டேங்க."

அவர் இடத்தைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். கிளாக்கரையே மடக்கிவிட்டோம் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பாத்தி மாமனார் கல் பொறுக்கிச் சமப்படுத்திய சரிவு. போஞ்சிக்காய்ப் பந்தலும் நாலைந்து மரத்தக்காளியும் நின்றன. தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் அவர்கள் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிந்தது.

தட்டு வந்தது. விளக்கும் எரிந்தது. லயமே திரண்டு வந்து பார்த்தது. மறுவாரம் சிவசாமி ரெண்டு ஆட்களோடு கத்தியும் கையுமாக வந்தார்.

"தட்டுல நெழல் விழக் கூடாது. சுத்தி மொழங்காலுக்கு மேல எதுவும் வளரக் கூடாது. திட்டத்துச் சட்டம்."

காளியாயி பந்தலுக்குக் குறுக்கே போய் நின்றாள். "அப்ப கூரைக்கே மாத்திருங்கய்யா."

"நட்ட எடத்த மாத்த ஏலாது. கூரையில போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. நீதானே எடத்தக் காட்டுன?"

அன்றைக்கே இது தெரிந்துதான் அப்படிப் பார்த்தாரா? கேட்டால் சொல்லவா போகிறார். பூவும் பிஞ்சுமாக நின்ற போஞ்சிக் கொடியை ஆட்கள் இழுத்துப் போட்டபோது அவள் உதிர்ந்த பிஞ்சுகளை மடியில் பொறுக்கிச் சேர்த்தாள்.

மேல் லயத்துக்கும் தட்டு வருவதாகப் பேச்சு அடிபட்டதும் அங்கே குடியிருக்கிற மீனம்மா யோசனை கேட்க ஓடி வந்தாள். காளியாயி மொட்டைப் பாத்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கூரையிலயே போடச் சொல்லு."

"காம்பரா போயிருமேக்கா?"

"காம்பரா என்னைக்குடி நம்மளுதா இருந்திச்சு? இந்த மண்ணு ஒண்ணுதான்டி நம்மளுது. அத நானே கைய நீட்டிக் காட்டிக் குடுத்துட்டேன்."