எந்தக் கன்னம்

என் வீட்டுக்காரர் பெயர் சங்கரசுப்பு. கட்டியவள் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். அதற்காகவே சொல்கிறேன்.

சிவகிரியில் ஒரு கல்யாணம். அவருடைய ஆபீஸ்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். புதிதாக மாற்றலாகி வந்த செல்லப்பா என்பவர் என்னைக் கும்பிட்டுவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க அம்மாவா?" என்று இவரிடம் கேட்டார். இவர் என் பக்கம் திரும்பாமலே, "ஆமா" என்றார்.

என்னைவிட மூத்த மனுஷன். தலைக்கு டை அடித்து, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிறவர் முகம் மழமழவென்றுதான் இருக்கும். நான் கல்யாணமான மறுவாரமே குருவிகுளத்தில் அவர் அப்பன் பருத்திக்காட்டில் களையெடுக்கப் போனவள். என் முகத்தில் விழுந்த சுருக்கமெல்லாம் அந்தக் காட்டு வெயிலில் விழுந்தது. அந்தப் பருத்தி விற்ற காசில்தான் இவர் படிப்பை முடித்தார்.

வீட்டில் சண்டை போட்டிருக்கலாம். போட்டால் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோகும். நாலு பேர் முன்னால் செய்ததற்கு அதே நாலு பேர் முன்னால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு ஒரு டப்பாவுடன் வந்தார். அவருடைய கூட்டாளி கடையநல்லூர் ரசூல் துபாயிலிருந்து லீவில் வந்தபோது கொடுத்த கிரீமாம். உள்ளே மணல் மாதிரி என்னவோ கலந்திருக்கிறதாம். தேய்த்தால் பழைய தோல் உரிந்து சுருக்கமெல்லாம் போய்விடுமாம்.

"இதப் போடு ஏட்டி, ஆளே மாறிருவ. பொறவு நாலு எடத்துக்குத் தைரியமாக் கூட்டிட்டுப் போவேன்" என்றார்.

செய்த காரியத்துக்கு வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. இருந்தாலும் பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே போய்விடுமோ என்று எனக்கும் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. புது உரம் வந்தால் முதலில் காட்டின் ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். மறுபக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் உரத்தின் லட்சணம் தெரியும். அதனால் இடது கன்னத்தில் மட்டும் தேய்த்தேன்.

உடம்பு தேய்க்கிற பீர்க்கங்கூட்டை வைத்து உரசியதுபோல எரிந்தது. நாளாக ஆகத் தோல் உரிந்து அந்தக் கன்னம் மட்டும் வெளுத்துவிட்டது. வலது பக்கம் பழைய கரிசல்தான். ஆனால் சுருக்கம் அசையவே இல்லை. வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். கண்ணோரத்துக் கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. வெளுத்த பக்கத்தில் இன்னும் பளிச்சென்று தெரிந்தன. அழுக்கெடுக்கத்தான் லாயக்கு என்று டப்பாவை மூடி வைத்தேன்.

அடுத்த வீட்டு அன்னக்கிளி முதல் வாரமே, இது என்ன பாதி வேஷம் என்று கேட்டுவிட்டாள். இவர் தினமும் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். கிரீம் போடுகிறாயா என்று கேட்பார். போடுகிறேன் என்பேன். நல்லா இருக்கு என்று சோற்றைப் பார்த்துச் சொல்வார். தீபாவளி வந்து போன பிறகும் அவர் கண்ணில் படவில்லை. சிவகிரியில் சொன்ன வார்த்தையைவிட இதுதான் என்னைக் கொன்றது. எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதும் அப்போதுதான் புரிந்தது. மூடி வைத்த டப்பாவைத் திறந்து, வெளுப்பு மங்கிவிடாமல் அதே கன்னத்தில் மறுபடி தேய்த்து வந்தேன்.

கார்த்திகையில், அவரோடு வேலை பார்க்கும் மருதப்பன் வீட்டில் காதுகுத்து. கிரீம் போட்டவள் என்ற தைரியத்தில் என்னையும் அழைத்துப் போனார். அதே ஆபீஸ் கூட்டம். செல்லப்பாவும் இருந்தார். எல்லாரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். மருதப்பன் சம்சாரம் சுப்புலட்சுமி என்னைப் பார்த்ததும், முகத்துக்கு என்ன ஆயிற்று மதினி என்று பதறிப்போய்க் கேட்டாள். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இவர் மட்டும் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அவர் நிமிர்வதற்குள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"அவுக வாங்கித் தந்த கிரீமு. வேல செய்யுதான்னு பாக்க ஒரு கன்னத்துல மட்டும் போட்டேன். எந்தக் கன்னம்னு அவுகளே சொல்லட்டும்" என்றேன்.

வேடிக்கை பண்ணாதே என்று சிரித்து மழுப்பப் பார்த்தார். சொல்லும் வே, வீட்டில் பார்க்கிற முகம்தானே என்று மருதப்பன் விடவில்லை. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"வலது" என்றார்.

கூடமே சிரித்தது. செல்லப்பா மட்டும் சிரிக்காமல், பெற்ற தாய் மகனை அவுக என்று சொல்வாளா, அப்படியென்றால் இவர்கள் யார் என்று தயங்கிக் கேட்டார். என் வீட்டுக்காரி என்று இவர் சொன்னது பக்கத்தில் இருந்தவருக்கே கேட்டிருக்காது.

"அவுகளக் கொற சொல்லாதீங்க ஐயா. மொகத்தப் பாத்திருந்தால்லா அம்மாவா, பொண்டாட்டியான்னு தெரியும்" என்றேன்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

பந்திக்குக் கூப்பிட்டபோது பக்கத்தில் வந்து, முந்தானையை எடு, பார்க்கிறேன் என்று கெஞ்சினார். எடுக்கவில்லை. பொம்பளைகள் பந்தி, ஆம்பளைகள் வராத உள்கட்டுக்குள்ளே. அங்கே போய் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.