லான்சருக்குக் கட்டிய மஞ்சள் கயிறு

அன்று வண்டிக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓட்டியவர் பள்ளிப்பட்டு மணவாளன், வண்டி அவருடையது. பக்கத்து இருக்கையில் அவருடைய தாயார் கெங்கம்மாள், மடியில் அர்ச்சனைத் தட்டோடு. பின்னால் மணவாளனின் மனைவி ஷோபனா, நடுவில் மெக்கானிக் தில்ஷாத், ஜன்னலோரத்தில் முதுகு இருக்கையில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் தில்ஷாத்தின் தகப்பனார் ஃபக்ருதீன். இது போக, மலைக்கோயில் பாதையில் சம்பவம் நடந்த வளைவில் நகரிப் பக்கத்திலிருந்து வேனில் வந்த பக்தர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள்.

டயர் கடை பஞ்சாட்சரம் அங்கே இல்லை. அவர் மலையடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நடந்ததைப் பற்றி ஊரில் அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

அரக்கோணம் சாலையில் ஃபக்ருதீனின் ஷெட் இருக்கிறது. அவருடைய தகப்பனார் லாரி ரிப்பேர் பார்த்த காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்கு ஒரு பெயர் உண்டு: அந்த ஷெட்டிலிருந்து வெளியே போன வண்டியை யாரும் தள்ளியதில்லை. வண்டி நிற்கலாம். புகையலாம். நடுரோட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வேலை பார்க்கலாம். அதெல்லாம் தொழில். ஆனால் நாலு பேர் கைவைத்துத் தள்ளுவது மானக்கேடு. ஃபக்ருதீன் தன் அறுபத்தாறு வயதில் எத்தனையோ விஷயங்களில் விட்டுக்கொடுத்திருக்கிறார். மகள் தில்ஷாத் லேப்டாப்பை வைத்து என்ஜினைத் திருத்துவதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். இதில் மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை.

மணவாளனின் வண்டி இரண்டாயிரத்து ஒன்றில் திருவள்ளூரில் பூட்டிய லான்சர். என்ஜின் ஜப்பான் கைவரிசை. இருபது வருஷத்துக்கு மேல் ஓடிக் களைத்துப்போய் வந்ததை ஃபக்ருதீன் முழுவதும் பிரித்தார். அரக்கோணத்து லேத்தில் சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டார். காற்று உள்ளே போகும் வழிகளை ஒன்பது நாள் உட்கார்ந்து, மெல்லிய உப்புத்தாளால் கையாலேயே தேய்த்துக் கண்ணாடியாக்கினார். புதுப்பேட்டையில் தேடிப் பிடித்த முரட்டு கேம் ஷாஃப்ட் ஒன்றை மாட்டினார்; என்ஜின் வேகமாகச் சுழலும்போதுதான் அது முழுப் பலத்தைக் காட்டும். பழைய ஃபில்டர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, காற்றைத் தாராளமாக இழுக்கும் திறந்த கூம்பு ஃபில்டரை வைத்தார். அதற்குத் தக்கபடி பெட்ரோல் அளவைத் தில்ஷாத் லேப்டாப்பில் திருத்தினாள்.

இதற்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் எதிர்ச் சாரியிலிருந்து பஞ்சாட்சரத்தின் வாய் ஓயவில்லை. ஒருநாள் ஷெட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் வைத்தே கேட்டார்.

"இன்னா பாய், மூணு மாசமா பிரசவம் பாத்துகினு கீறீங்க. கொழந்த எப்ப அழும்?"

"அழாது. உறுமும்," என்றார் ஃபக்ருதீன்.

"மலை ஏறுமா?"

"அஞ்சு பேரோட ஏறும்."

"நடுவுல நின்னுபூட்டா? நாலு பேர் தள்ற மாதிரி ஆயிட்டா?"

டீக்கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஃபக்ருதீன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் கை பட்ட வண்டியத் தள்ளினா, என் ஷெட் போர்ட நீயே கழட்டி எடுத்துகினு போ. உன் கடையில மாட்டிக்கோ."

"டயர் கடையில உம்ம பேரு எதுக்கு பாய் எனக்கு?" என்றார் பஞ்சாட்சரம். ஆனாலும் போர்டை ஒருமுறை அண்ணாந்து, அளவெடுப்பதைப்போலப் பார்த்துக்கொண்டார்.

மணவாளன் வீட்டுக்குள் கெங்கம்மாளின் கட்சி வேறு. மகன் இந்தப் பழைய இரும்பை விற்றுவிட்டுப் புது வண்டி வாங்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் நீண்ட நாள் கோரிக்கை. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். "மலை ஏறட்டும் நைனா. ஏறிட்டா நான் வாயே தொறக்க மாட்டேன். நடுவுல நின்னா, அப்பால என் பேச்சத்தான் கேக்கணும்."

ஆக, அந்த வியாழக்கிழமை லான்சரின் தலையில் ஒரு போர்டும் ஒரு தாயின் சபதமும் ஏறி உட்கார்ந்திருந்தன.

மலைக்குப் புறப்படும் முன் ஷெட்டிலேயே ஒரு பூஜை போட வேண்டும் என்றார் கெங்கம்மாள். பிரித்து மாட்டிய என்ஜின் புது என்ஜின்தானே? நியாயமான பேச்சு. ஃபக்ருதீன் தரையைக் கழுவிவிடச் சொன்னார். பானெட்டைத் தானே திறந்து வைத்தார். அப்போதுதான் அவர் கண் அந்தத் திறந்த கூம்பு ஃபில்டரின் மேல் விழுந்தது. விபூதி, குங்குமம், சாம்பிராணிச் சாம்பல், எல்லாம் அதன் மேல்தான் கொட்டும். ஒன்பது நாள் தேய்த்த வழியில் விபூதி போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போட வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. அந்த அம்மாளின் மனம் நோகும். எனவே ஒரு புது வெள்ளைத் துணியை எடுத்து நாலாக மடித்து, ஃபில்டரின் மேல் அழகாகப் போர்த்தினார். பூஜை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்பது திட்டம்.

கெங்கம்மாள் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கூம்பாக ஒன்று. மேலே புது வெள்ளைத் துணி. பார்த்த மாத்திரத்தில் முகம் மலர்ந்துபோயிற்று.

"ஏ ஷோபனா, இங்க பாருடி! பாய் கலசம் வெச்சிருக்காரு!"

ஃபக்ருதீன் துணியை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

கெங்கம்மாள் கலசத்துக்கு மூன்று விரலால் விபூதி இட்டார். நடுவில் குங்குமம் வைத்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார், தாராளமாகத்தான் தெளித்தார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து, துணியோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தார். நெசவுக்காரர் வீட்டு முடிச்சு. தானாக அவிழாது.

"நம்ம சொந்தத்துலயே இவ்ளோ முறையா யாரும் செய்ய மாட்டாங்க பாய்," என்று கண் கலங்கச் சொன்னார்.

தில்ஷாத் தகப்பனாரின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "அத்தா, துணி?"

"தெரியும்."

"அவுத்துடட்டா?"

"ஒரு தாய் கட்டின கயிறு. மரியாதை தெரியாதா உனக்கு? மேல போயி அர்ச்சனை ஆனப்புறம் அவங்களையே அவுக்கச் சொல்லலாம். பருத்தித் துணிதானே, காத்து போகும்."

மரியாதைதான் காரணம் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கயிற்றை அவிழ்க்க வேண்டுமானால் துணி ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். விபூதி படக்கூடாது என்று போர்த்தினேன் என்று, கண் கலங்கி நிற்கிற அம்மாளிடம் எப்படிச் சொல்வது? அந்த அளவுக்கு யோசித்தவர், துணி நாலு மடிப்பு என்பதையும் அது நனைந்திருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கவில்லை.

நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் நசுங்க, லான்சர் புறப்பட்டது. சமதரையில் ஒரு குறையும் தெரியவில்லை. சரவணப்பொய்கையைத் தாண்டும் வரை கெங்கம்மாளே, "பரவால்ல, சத்தம் கம்மியாத்தான் கீது," என்றார். மலையடிவாரத்து டீக்கடை வாசலில் பஞ்சாட்சரம் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். ஃபக்ருதீன் தலையை மட்டும் அசைத்தார்.

மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் வண்டிக்கு இளைத்தது. மணவாளன் மிதித்தார். வேகம் ஏறவில்லை. இன்னும் மிதித்தார். என்ஜின் ஈனஸ்வரத்தில் முனகியது. வளைவு வந்தது, கியரை மாற்றுவதற்குள் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றே போய்விட்டது. மறுபடி கிளப்பினார். நாலடி நகர்ந்து மறுபடி நின்றது. பிரேக் பிடிப்பதற்குள் ஒரு சாண் பின்னால் வேறு உருண்டது. தில்ஷாத் தகப்பனாரைத் தாண்டிக் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.

பின்னால் வந்த வேன் நின்றது. ஒன்பது மொட்டைத் தலைகளும் இறங்கி வந்தன. நல்ல மனசுக்காரர்கள். "தோஸ்தாம், தாத்தா, தோஸ்தாம்!" தள்ளுகிறோம் என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே கையை நீட்டி வண்டியைத் தள்ள வந்தார்கள்.

ஃபக்ருதீன் பாய்ந்து இறங்கியதை அந்த வயதில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வண்டியின் பின்புறத்துக்கும் பக்தர்களுக்கும் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் அகல விரித்தார்.

"வத்து! வத்து! வேணாம்! யாரும் தொடக்கூடாது!"

"அத்த," என்றாள் ஷோபனா ஜன்னல் வழியாகப் பார்த்து, "பாய் வண்டியக் கட்டிப் புடிச்சிகினு நிக்கறாரு."

"அழுவறாரா?"

"இல்ல, மொறைக்கிறாரு."

பக்தர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்கள். இதற்குள் தில்ஷாத் லேப்டாப்பை என்ஜினின் கம்பியில் செருகியிருந்தாள். திரையைப் பார்த்தாள். தகப்பனாரைப் பார்த்தாள்.

"அத்தா, கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது. சொல்லட்டா?"

"அதுக்கு இன்னா தெரியும்?"

"மூச்சு முட்டுதாம். யாரோ முகத்துல தலகாணிய வெச்சு அமுக்கற மாதிரி கீதாம்."

கெங்கம்மாள் தட்டோடு இறங்கி வந்தார்.

"இன்னா கோளாறு பாய்? மறைக்காம சொல்லுங்க. இரும்பு பழசாயிடுச்சு, அதானே?"

அந்த இடத்தில் ஃபக்ருதீனுக்குப் பல வழிகள் இருந்தன. பெட்ரோலில் தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். கயிறுதான் காரணம் என்று பாதி உண்மையைச் சொல்லிப் பழியை அந்த அம்மாளின் பக்திமேல் போட்டிருக்கலாம். அல்லது பானெட்டுக்குள் தலையை விட்டு, எதையோ முறுக்குவதுபோல் முறுக்கி, துணியை உருவி மடியில் கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் வண்டியைத் தள்ளவிடாத குடும்பம் பழியை மட்டும் அடுத்தவர் பக்கம் தள்ளலாமா? அவர் ஏற்கெனவே நிமிர்ந்திருந்த முதுகை இன்னும் ஒரு விரற்கடை நிமிர்த்தினார்.

"அம்மா, வண்டியில கோளாறு இல்ல. கோளாறு என்னுது. நீங்க கலசம்னு நெனச்சது கலசம் இல்ல. வண்டி மூச்சு விடற எடம். அந்தத் துணி, விபூதி உள்ள போயிடக்கூடாதுன்னு நான்தான் போத்தினது. நீங்க கயிறு கட்டினப்பவே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல."

மணவாளன் தாயாரின் முகத்தைப் பார்க்கப் பயந்து, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டைத் தலைகளில் ஒருவர் மற்றவர்களுக்குத் தெலுங்கில் மெல்ல விளக்கிக்கொண்டிருந்தார்.

கெங்கம்மாள் ஃபக்ருதீனை மேலும் கீழும் பார்த்தார்.

"விபூதி படக்கூடாதுன்னு மூடினீங்களா?"

"ஆங்."

"நான்கூட அப்படித்தான் பாய்! ஆயுத பூஜைக்குத் தறிக்குக் குங்குமம் வெப்போம் இல்ல? தறியில கீற பாவு நூல்ல பட்டுட்டா சேல பாழு. பழைய புடவைய எடுத்துப் பாவு மேல மூடிட்டுத்தான் குங்குமத்தையே எடுப்பேன். எங்க அம்மாவும் அப்படித்தான்."

"அப்படியா?" என்றார் ஃபக்ருதீன். குரல் லேசாகத் தளர்ந்தது.

"ஆனா ஒண்ணு. நாங்க தறிய ஓட்றதுக்கு முன்னாடி புடவைய எடுத்துடுவோம்."

தில்ஷாத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஷோபனாவுக்கு அந்த மரியாதைகூட இல்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கெங்கம்மாள் பானெட்டுக்குள் கையை விட்டு, தன் முடிச்சைத் தானே இரண்டு விரலால் அவிழ்த்தார். ஈரமும் விபூதியும் சேர்ந்து துணி அப்பமாகியிருந்தது. பிழிந்து, உதறி, இடுப்பில் செருகிக்கொண்டார். கயிற்றை வீணாக்காமல் உள்ளே கண்ணாடியில் கட்டச் சொல்லி மருமகளிடம் கொடுத்தார்.

"கெளப்பு நைனா."

மணவாளன் சாவியைத் திருப்பினார். ஃபக்ருதீன் உறுமும் என்று சொன்னது நிஜமாயிற்று. எல்லோரும் ஏறிக்கொண்டார்கள், கல்லை எடுத்துவிட்டுக் கடைசியாக ஏறியவர் ஃபக்ருதீன். இரண்டாவது கியரில் வண்டி வளைவைத் தாண்டியது. என்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தொட்டதும் அந்த முரட்டு கேம் கண் விழித்துக்கொண்டது. சத்தம் சட்டென்று மாறி, ஐந்து பேரின் முதுகையும் இருக்கையோடு அழுத்தியது. ஃபக்ருதீனின் முதுகு அன்று முதன்முறையாக இருக்கையில் பட்டது அப்போதுதான்.

"மெதுவா நைனா, மெதுவா!" என்று கெங்கம்மாள் தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த வளைவு தாண்டியதும் கொஞ்சம் யோசித்தார். "இப்ப ஒண்ணு செஞ்சியே, அத்த இன்னொரு தரம் செய்."

மேலே அர்ச்சனை நல்லபடியாக நடந்தது. வண்டியை விற்கும் பேச்சைக் கெங்கம்மாள் அதன் பிறகு எடுக்கவில்லை. துணியைத் திருப்பித் தரவும் இல்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு ஆகும் என்று பள்ளிப்பட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். வண்டி நடுவில் நின்றதே என்று மணவாளன் ஒருநாள் வாய் தவறிச் சொன்னபோது, "அது நிக்கல, மூச்சு விட்டுச்சு," என்று அவர்தான் அடக்கினாராம்.

தில்ஷாத் ஷெட் சுவரில் சாக்பீஸால் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாள்: "ஓட்டும் முன் துணி எடு." ஃபக்ருதீன் அதைத் தினமும் பார்க்கிறார். அழிக்கச் சொல்லவில்லை.

பஞ்சாட்சரம் மட்டும் அன்று மாலையே ஏணியோடு வந்தார். வேன்காரர்கள் கீழே இறங்கி டீ குடித்தபோது தாங்கள் தள்ளப் போனதாகச் சொன்னார்களாம். போனது வரை சரி. அதற்கு மேல் நடந்ததைக் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை. ஒன்பது மொட்டைகள் சேர்ந்து பாயின் வண்டியை மலை உச்சி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று இன்றைக்கும் கே.ஜி.கண்டிகை வரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

யாரும் தள்ளவில்லை. ஒரு சாண் உருண்டது, அதுவும் பின்பக்கம். போர்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது.