பெஞ்சிலிருந்து நாற்காலி வரை

நீதிமன்றத்தை நினைத்து ஏங்குகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வழக்குக்குப் போனால் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்பார்கள். நாங்கள் தோற்றோம், சாகவில்லை. ஆனால் அந்த மூன்றாம் மாடி வராந்தாவும் ஒரு கால் ஆடுகிற அந்த நீள பெஞ்சும் ஞாபகம் வந்தால், மற்றவர்கள் பள்ளிக்கூடத்தை நினைத்து உருகுகிற மாதிரி நான் உருகுவேன்.

மகளுக்கு ஒரு வயது நாலு மாதத்தில் தடுப்பூசி போட்டோம். அன்று இரவே காய்ச்சல், விடிவதற்குள் வலிப்பு. பிழைத்துக்கொண்டாள், ஆனால் கால்கள் வரவில்லை. அதே வருஷம் அதே ஊசி போட்டுக்கொண்ட இன்னும் ஆறு குழந்தைகளுக்கும் ஏதேதோ ஆகியிருந்தது. ஏழு குடும்பமும் சேர்ந்து ஊசி தயாரித்த கம்பெனி மேல் வழக்குப் போட்டோம். ஒன்பது வருஷம் நடந்தது.

ஒன்பது வருஷமும் வாய்தா, வாய்தா, வாய்தாதான். அந்த பெஞ்சில்தான் ஏழு பிள்ளைகளும் வளர்ந்தார்கள். என் மகளுக்கு முதல் பல் விழுந்தது அங்கேதான். பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெரியவர் வருவார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் எல்லாருக்கும் பன் வாங்கி வருவார், அதனால் அவர் பெயரே பன் மாமா ஆகிவிட்டது. ஒருநாள் ஞாபகமறதியில் கம்பெனி வக்கீலுக்கும் ஒன்று நீட்டிவிட்டார். அந்த மனுஷனும் பசியில் வாங்கித் தின்றுவிட்டார். எங்கள் வக்கீலுக்கு அன்று முழுக்க முகம் உர்ரென்று இருந்தது, நாங்களோ சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போனோம்.

எதிர் பெஞ்சில் ஊசியம்மா உட்காருவார். என் மகளுக்கு ஊசி போட்ட நர்ஸ், கம்பெனி பக்கத்துச் சாட்சி. "எதிர்த் தரப்போட ஒரு வார்த்தை பேசக் கூடாது, பார்த்துக்கங்க" என்று எங்கள் வக்கீல் கட்டளை. அவர்களுக்கும் அதே கட்டளைதான் போலிருக்கிறது. பேசினதே இல்லை. ஆனால் அவர் கழிப்பறைக்கு எழுந்தால் பையைக் கண்ணாலேயே என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். எங்கள் பக்கத்து மின்விசிறி நின்றுபோனால், தான் நகர்ந்துகொண்டு என் மகளின் சக்கர நாற்காலிக்குக் காற்று வருகிற இடத்தை விடுவார். எதிரி என்றால் அப்படி ஒரு எதிரி.

வழக்கு முட்டி நின்றது ஒரே ஒரு இடத்தில். "ஒரு வயசு நாலு மாசமாகியும் குழந்தை நடக்கவே இல்லை. அப்படின்னா கோளாறு ஊசிக்கு முன்னாடியே இருந்திருக்கு" என்றது கம்பெனி தரப்பு. அவள் நடந்து நானும் பார்த்ததில்லை. அப்போது எனக்கு ஒரு பெரிய ஓட்டலில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிற வேலை. ஊசி போட்ட அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை, லிஃப்ட் மெக்கானிக்கான என் வீட்டுக்காரர்தான் அரை நாள் சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

வழக்கின் நாலாம் வருஷம் அவர் கூண்டில் ஏறினார். "நடந்தாங்கய்யா. ஊசி போடறதுக்கு முன்னாடி, ஆஸ்பத்திரி பெஞ்சிலேருந்து நர்ஸம்மா நாற்காலி வரைக்கும் அவளே நடந்து போனா. நாலு அடி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்து ஊசியம்மாவைக் கேட்டார்கள். "ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பஸ்ஸில் இவரைப் பிடித்துக்கொண்டேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஞாயித்துக்கிழமை நீ வீட்டுல இருப்பே, உன் முன்னாடி நடக்கட்டும், நீதான் முதல்ல பார்த்தேன்னு இருக்கட்டும்னு நினைச்சேன். அதுக்குள்ள காய்ச்சல் வந்துடுச்சு. அப்புறம் எந்த வாயால சொல்றது?"

"கதை நல்லா இருக்கு. வக்கீல் எழுதிக் கொடுத்தாரா?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் சொன்னதற்காக எனக்குக் கோபமில்லை. நான் என்ன அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடா? பிள்ளைக்காக நூறு பொய் நானே சொல்வேன். ஆனால் எந்த நாலு அடிக்காக நான் ஏங்கிச் செத்தேனோ, அதை ஒரு வழக்குக்காகக் கட்டிவிட்டாரே என்றுதான் வயிறு எரிந்தது. அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் "நிஜமாவா?" என்பேன். மழை பெய்கிறது என்றால்கூட எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பார்ப்பேன். கொஞ்ச நாளில் அவர் எதையும் சொல்வதையே விட்டுவிட்டார். வீட்டில் வேலை செய்கிற சத்தம் மட்டும்தான் இருந்தது.

ஊசிக்கும் நோய்க்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. ஊசியே போடாத குழந்தைகளுக்கும் இப்படி வருகிறதென்று இரண்டு பக்கத்து டாக்டர்களும் சொன்னார்கள். எதனால் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வழக்கு நடக்கும்போதே பிறந்த மகனுக்கு ஒரு ஊசி விடாமல் நானே தூக்கிப் போய்ப் போட்டேன். கடைசி நாள் பன் மாமா இரண்டு பெஞ்சுக்கும் பன் கொடுத்தார். அதோடு எல்லாரும் திசைக்கொருவராகப் போய்விட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து, போன வியாழக்கிழமை மகளை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போயிருந்தேன். கைத்தடியோடு ஒரு அம்மா உள்ளே வந்தார். ஊசியம்மா! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், எழுந்து இடம் விட்டேன்.

"முழங்காலா?"

"ரெண்டும்தான். நின்னு நின்னே தேய்ஞ்சு போச்சு. ஆமா, பன் மாமா எப்படி இருக்கார்?"

"பொங்கலுக்கு போன் பண்ணினார், ஜம்முனு இருக்கார். பேரனுக்கு இப்ப மீசை அரும்புதாம்."

"அட! அந்த பெஞ்சுக்கு ஒரு அட்டையாவது மடிச்சு வைக்கக் கூடாதா? ஒன்பது வருஷமும் ஆடிச்சு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் என் மகளைப் பார்த்தார். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார் ஊசியம்மா. "எனக்கு ஞாபகம் இருந்துது."

"எது?"

"வெள்ளைக் கோட்டைப் பார்த்தா எல்லாக் குழந்தையும் வீல்னு கத்தும். இது ஒண்ணுதான் அப்பா கையை விட்டுட்டு என்னைப் பார்த்து நடந்து வந்துது. உங்க வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கிட்டு அழுதார். 'இவ அம்மாகிட்ட சொல்லாதீங்க, ஞாயித்துக்கிழமை அவளே பார்க்கட்டும்'னு என்கிட்ட கேட்டுக்கிட்டார். பதிவேட்டுல இல்லாததைப் பேசினா வேலை போயிடும்னு எங்க ஆளுங்க மிரட்டினாங்க. நானும் ஞாபகம் இல்லைன்னுட்டேன்."

"பாவி! ஒன்பது வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தீங்களே! கேஸ் போனா போகட்டும், என் புருஷனை நான்..." என்று கத்தினேன்.

"திட்டும்மா. நல்லாத் திட்டு" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் இயர்போனைக் கழற்றினாள். "அப்பா சொன்னாரே. நான் நம்பினேன். நீதான் நம்பல" என்றாள் சாவகாசமாக.

வீட்டுக்கு வந்தபோது இவர் தரையில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். பஸ் முழுக்க யோசித்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் வாசலிலேயே பறந்துபோனது.

"எந்தக் காலை முதல்ல வச்சா?" என்றேன்.

எதைக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"இடது."

"எப்படி நடந்தா?" என்று எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சொல்ல வராது" என்று எழுந்தார். கனத்த உடம்பு, தலை பாதி நரைத்துவிட்டது. இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டார். முழங்காலை அகட்டி இடது காலைத் தூக்கி வைத்தார். ஆடினார். வலது. வாயைப் பிளந்துகொண்டு, தன்னையே நம்ப முடியாத ஒரு சிரிப்போடு, மறுபடி இடது. மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்து, யாரோ பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டு, நாலாவது அடியை வைத்து என் மடியைப் பிடித்துக்கொண்டார்.

மகள் கைதட்டிச் சிரித்தாள். எனக்குக் கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இன்னொரு தடவை நடங்க" என்றேன்.