ஒரே பக்கமாய் ஒரு சுற்று

ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று மைல். அந்த மூன்று மைலுக்குள் ஒரு மனிதரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அதற்கு எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். எனக்கு இருபத்தோரு வயது. எங்கள் அத்தா சம்சுல் ஆலம் கொடைக்கானல் பஜாரில் பிஸ்கட்டும் சீமெண்ணெயும் விற்கிற கடை வைத்திருந்தார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வந்து பெண் பார்க்கிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருவார்கள். முடியை அவிழ்த்துப் பார்ப்பார்கள், நடக்கச் சொல்வார்கள், சர்பத் குடித்துவிட்டுப் போவார்கள். பெண் மாப்பிள்ளையைப் பார்ப்பது என்ற பேச்சே எழாது. என் அக்கா ஜஹனாராவுக்கு அப்படித்தான் முடித்தார்கள். பழனியில் கடை, முப்பது வயது என்றார்கள். நிக்காஹ் முடிந்து அறைக்குள் வந்தவருக்கு ஐம்பது வயது. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் ஆத்திரப்பட்டேன், இன்றைக்கும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

அதனால் ஒட்டன்சத்திரத்திலிருந்து நசுருதீன் என்று ஒரு வரன் வந்தபோது நான் பிடிவாதமாக நின்றேன். காய்கறி மண்டி வைத்திருக்கிறார், இருபத்தெட்டு வயது, நல்ல குணம் என்றார் தரகு பேசிய ஒலியுல்லா. குணத்தை அவர் எந்தத் தராசில் போட்டுப் பார்த்தாராம்? மாப்பிள்ளையின் அம்மா முந்தின மாதமே வந்து என்னைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் பார்க்க வேண்டும், பார்க்காமல் சரி சொல்லமாட்டேன் என்றேன். அத்தா இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. நான் மூன்று நாள் சாப்பிடவில்லை.

கடைசியில் அத்தாவின் தங்கை, என் மாமி ரோஷன் பேகம்தான் ஒரு வழி சொன்னார். யாரும் யாரையும் பார்க்கப் போவதில்லை. அவர்கள் தாயும் மகனும் ஏரியைச் சுற்றிக் காற்று வாங்குவார்கள், நாங்களும் வாங்குவோம். வெள்ளைக்காரர்கள் தினமும் வாங்குகிற காற்றுதானே. இரண்டு மணிக்கு அவர்கள் போட் ஹவுஸில் கிளம்பி, ஏரி இடக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டியது. கால் மணி கழித்து நாங்கள் அதே இடத்தில் கிளம்பி, ஏரியை வலக்கைப் பக்கம் வைத்து நடக்க வேண்டியது. ஏரி வட்டம், எதிரும் புதிருமாக வந்தால் பாதி வழியில் தாண்டித்தானே ஆக வேண்டும்? தாண்டுகிற நேரத்துக்குள் நான் பார்த்துக்கொள்ள வேண்டியது. நாலரை பஸ்ஸில் அவர்கள் மலை இறங்குவதற்குள் ஒலியுல்லாவிடம் பதில் போய்விட வேண்டும் என்று அத்தா சொல்லிவிட்டார்.

அன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. மாமி துப்பட்டியை எனக்குப் போர்த்திவிட்டபோது, மூச்சை விடுடி, செத்துப்போயிடாதே என்றார்.

கிளம்பியதும் நான் வேகமாக நடந்தேன், மாமி பின்னாலிருந்து இழுத்தார். வளைவு தெரிந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வளைவில் குதிரை வரும், குதிரைமேல் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வரும், அவ்வளவுதான். அடுத்த வளைவில் பேரிக்காய்க் கூடையோடு பள்ளங்கி ஊர்க்காரிகள் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வளைவில் பனி இறங்கியிருந்தது, ஆளே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் முகத்தைச் சரிசெய்து, துப்பட்டியைச் சரிசெய்து, கடைசியில் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

பாதிச் சுற்று வந்துவிட்டோம். யாரும் எதிரே வரவில்லை. வரவில்லை போலிருக்கிறது, திரும்பிவிடலாம் என்றார் மாமி. திரும்பினால் வந்த தூரம், போனாலும் அதே தூரம், போய்த்தான் பார்ப்போமே என்று நான் நடந்தேன். மனசுக்குள் ஒலியுல்லாவைத் திட்டாத திட்டில்லை. அவரை விட்டு அத்தாவைத் திட்டினேன். பார்க்கவிடாமல் செய்வதற்குத்தான் இந்தச் சுற்றோ என்றுகூடத் தோன்றியது. நாலரைக்கு நான் என்ன பதில் சொல்வது? பார்க்கவில்லை, அதனால் வேண்டாம் என்றால், அவர்கள்தான் சொன்னபடி வந்தார்களே, நீதான் சாக்குச் சொல்கிறாய் என்பார்கள். அடுத்த வரனுக்கு என்னை வாயே திறக்கவிடமாட்டார்கள்.

மேட்டில் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார் சின்னக்கருப்பன். குதிரை வாடகைக்கு விடுகிறவர், அத்தா கடையில் கணக்கு வைத்திருப்பவர். மாமி அவரிடம் ஊருக்குப் புதுசாய் ஒரு அம்மாவும் மகனும் எதிரே போனார்களா என்று விசாரித்தார்.

“எதுத்தாப்புல யாரும் போகலீங்க. இதே பக்கமாத்தான் ஒரு அம்மாவும் ஒரு ஆளும் போறாங்க. அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குது, மெதுவாத்தான் போறாங்க. வெரசா நடந்தீங்கன்னா புடிச்சுரலாம்.”

மாமி தலையில் கைவைத்துக்கொண்டார். இடக்கை வலக்கை தெரியாத ஆளிடம்தான் உன்னைக் கொடுக்கப்போகிறோமா என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. நான் ஓடினேன் என்றே சொல்லலாம். இருபத்தோரு வயதுப் பெண் துப்பட்டியை மடியில் சுருட்டிக்கொண்டு ஏரி ரோட்டில் ஓடினாள் என்று அன்றைக்குப் பஜாரில் யாராவது பேசியிருந்தால் பேசிவிட்டுப் போகட்டும்.

யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே பனியில் இரண்டு முதுகுகள் தெரிந்தன. குட்டையான அம்மா. பக்கத்தில் உயரமாக ஒரு ஆள், காதையும் கன்னத்தையும் மூடி மப்ளர் சுற்றியிருந்தார். ஒரு கையில் அம்மாவின் தலைக்கு மேலே குடை. இன்னொரு கையில் அம்மாவின் செருப்பு. கால் கடித்திருக்க வேண்டும், அந்த அம்மா வெறுங்காலோடு நடந்தார். நான் நடையைக் குறைத்தேன். மாமியும் வந்து சேர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்தடி பின்னால் நாங்கள் வருவது அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா கடிந்துகொண்டே நடந்தார்.

“ஏரி இடக்கைப் பக்கம் இருக்கணும்னு ஒலியுல்லா படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. நீ தெரிஞ்சேதான இந்தப் பக்கம் கூட்டியாந்தே?”

“தெரிஞ்சேதாம்மா. அந்தப் பக்கம் போனா அந்தப் பிள்ளைய நான் பாக்க வேண்டியிருக்கும். பாக்கமாட்டேன். மண்டிக்கு வர்ற கத்திரிக்காயா அது, அமுக்கிப் பாத்துட்டு வேணாம்னு தள்ளுறதுக்கு? நீங்க பாத்துட்டீங்க, எனக்கு அது போதும்.”

என் நெஞ்சு குளிர்ந்துபோனது. இப்படி ஒரு ஆணா என்று நினைத்தேன். மாமி என் கையை அழுத்தினார், இதைவிட உனக்கு என்னடி வேண்டும், வா திரும்பலாம் என்று கண்ணாலேயே சொன்னார். நானும் திரும்பத்தான் பார்த்தேன். முதுகைப் பார்த்தாயிற்று, பேச்சைக் கேட்டாயிற்று, அம்மாவின் செருப்பைத் தூக்கி வருகிறவர் என்பதும் தெரிந்தாயிற்று. வீட்டுக்குப் போய்ச் சரி என்றால் எல்லாம் சுபம்.

பத்தடி நடப்பதற்குள் எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. இவர் என்னைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தது சரி. நான் இவரைப் பார்க்க வந்திருப்பேன் என்று இவருக்குத் தோன்றவேயில்லையே! எனக்கும் இரண்டு கண் இருப்பது இந்தக் கொடைக்கானலில் ஒருத்தருக்கும் தெரியாதா? இவருடைய நல்லதனம் என்னை இரண்டு மைல் அலைக்கழித்திருக்கிறது. இப்போது நான் வாயை மூடிக்கொண்டு திரும்பினால், ஆயுசுக்கும் எனக்கு ஒரு பெரிய உபகாரம் செய்ததாக இவர் நினைத்துக்கொண்டிருப்பார். நானும் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். முடியாது.

மாமியின் கையை உதறிவிட்டு அவர்களைத் தாண்டிப் போய் எதிரே திரும்பி நின்றேன். அந்த அம்மாவுக்கு என்னைத் தெரிந்துவிட்டது, யா அல்லா என்றார். மகனுக்கும் புரிந்துவிட்டது. உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

“பாக்க வந்தது நான்தாங்க,” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “நீங்க பாக்க வேணாம், கண்ண மூடிக்கிட்டே நில்லுங்க. ஆனா நான் பாக்காம சரின்னு சொல்லமாட்டேன்.”

பெண் வீட்டில், மாப்பிள்ளை ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் தனக்குச் சொல்லியனுப்பினார்கள் என்று அவர் தரையைப் பார்த்தே மெதுவாகச் சொன்னார். அத்தா! மகள் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டு அப்படி மாற்றிச் சொல்லியிருக்கிறார். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

அவர் குடையை அம்மாவிடம் கொடுத்தார். செருப்பைக் கீழே வைத்தார். மப்ளரின் முடிச்சு இரண்டு தடவை தப்பி மூன்றாவது தடவைதான் அவிழ்ந்தது.

“பாருங்க,” என்றார்.

பார்த்தேன். வயது இருபத்தெட்டுக்குமேல் இராது, அதில் ஒலியுல்லா பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கன்னத்திலும் அம்மைத் தழும்பு. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தழும்பு இருப்பதைச் சொல்லிவிடச் சொன்னேனே, சொல்லலையா என்று அவருடைய அம்மா தவித்துப்போய் என்னையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லவில்லை என்றார் மாமி.

அவர் மப்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, பனியில், குனிந்த தலையோடு நின்றார். பயந்துபோய் நின்றார். வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேனோ என்று ஒரு ஆண்பிள்ளை என் முன்னால் பயந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். என் அக்காவுக்கு, எங்கள் அம்மாவுக்கு, முடியை அவிழ்த்துக் காட்டிக்கொண்டு நின்ற எத்தனையோ பேருக்கு இருந்த அதே பயம். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நான் அவசரப்படவில்லை. காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு அப்போதுதான் அடங்கியிருந்தது.

“இப்பிடிக் குனிஞ்சுக்கிட்டா நான் எப்பிடிப் பாக்குறது? தலையத் தூக்குங்க,” என்றேன்.

தூக்கினார். தூக்கினால் கண் எங்கே போகும்? அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

சரி என்று அங்கேயே, அவரிடமே சொன்னேன். அத்தாவுக்கு அதற்கப்புறம்தான் தெரியும்.