தீனிக்குப் பழகின கெண்டை

ஏனோக்குக்கு நுரையீரல் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்தில் விழுங்கின கல்தூசி சும்மா விடுமா? டாக்டர் கொடுத்த கெடு கிறிஸ்மஸ் வரைக்கும்தான். அந்தப் பேச்சை எடுத்தாலே மனைவி பாக்கியவதி, "வாயைக் கழுவுங்க" என்று எழுந்து போய்விடுவாள். அவர் பயந்தது சாவுக்கு இல்லை, அவளை நினைத்துத்தான். மகன் ஃப்ரெடி பைக் விபத்தில் போனபோது மூணு மாசம் சுவரைப் பார்த்துப் படுத்தவள் அவள். கஞ்சி காய்ச்சி ஊட்டி, எழுப்பி உட்கார வைத்தவர் இவர். அடுத்த தடவை எழுப்ப யார் இருக்கிறார்கள்?

சுரங்க ஊரான ஊரிகத்தில் அவர்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணி தேங்கித் தானாக உண்டான குட்டை ஒன்று இருந்தது. தவளை, தட்டான், கோரை எல்லாம் அதுவாக வந்தது. மீன்தான் வரவில்லை. "மீன் வுடலாம், வா" என்று அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு, உதய் என்கிற பையனின் மீன் பண்ணைக்குப் போனார்.

உதய் எடுத்த எடுப்பில் விராலைக் காட்டினான். "தவளை, பூச்சி தின்னு அதுவே பொழச்சிக்கும் சார். மாசக்கணக்கா எட்டிப் பாக்காட்டியும் கவலையில்ல."

பாக்கியவதிக்கு வாயெல்லாம் பல். விரால் குழம்பென்றால் புருஷனுக்கு உயிராச்சே!

"அது வாணாம்" என்றார் ஏனோக்.

கூப்பிட்டால் வருமா என்று பார்க்க, பக்கத்துத் தொட்டியின் இரும்புக் குழாயைக் கல்லால் மூணு தட்டுத் தட்டினார். சுரங்கத்தில் பாறை சரிந்து மாட்டிக்கொண்டவன் அப்படித்தான் காற்றுக் குழாயைத் தட்டுவான். கேட்டவன் எங்கிருந்தாலும் ஓடி வருவான். மீனுக்கு அந்த விசுவாசமெல்லாம் ஏது? அத்தனையும் பதறியடித்து அடியில் பதுங்கின. உதய் சிரித்துவிட்டான். தன் மடத்தனத்தை நொந்துகொண்டு, மூச்சு வாங்க ஏனோக் அங்கேயே நின்றார். ஆள் நிழலைக் கண்டு, கெண்டைகள் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்தன.

"இதான் வேணும்."

"ஐயோ சார், இது தீனிக்குப் பழகினது. சின்னக் குட்டையில தெனம் ரெண்டு வேளை போடலன்னா தேறாது."

"அதுக்குத்தாம்பா."

பாக்கியவதி முறைத்தாள். "இன்னாங்க கூத்து இது? தெனம் ரெண்டு வேளை யாரு போடறது?"

"நீதான். நான் போயிட்டா நீ மறுபடியும் படுத்துக்குவே. வாயில்லா ஜீவன் பட்டினி கெடக்குதுன்னா எழுந்துடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தார். அவள் வரவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உதய் பக்கம் திரும்பினாள்.

"காலையில எத்தினி மணிக்கு போடணும், தம்பி?"

"ஏழு மணிக்கு போடுங்கம்மா."

"சரி. எழுந்திருக்கறேன்."

ஏனோக் கேட்டு வாங்க வந்தது அந்த வார்த்தையைத்தான். ஆனால் இத்தனை நாள் தன் சாவை அவள் ஒத்துக்கொள்ளாமல் இருந்ததுதான் தன்னை உயிரோடு நிறுத்தி வைத்திருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்து, பையன் பார்க்கிறானே என்றும் பாராமல் அழுதார்.